பெயர் நிலைக்க உயில் எழுத முடியுமா?

இந்த வாரக் கடிதம் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் 72 வயது ஆச்சி. ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கத்தைத் தருகிறேன்.

கணவர் மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கராக இருந்தவர். மாதத்தில் இரண்டு நாள் ஊருக்கு வந்து போவார். ஆச்சி மாமியாரோடு ஊரிலேயே இருந்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். மகன் இப்போது குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறார். மகள்கள் கோவையிலும் சென்னையிலும். நான்கு ஆண்டுகளுக்கு முன் கணவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். பாட்டனார் காலத்துப் பெரிய வீட்டில் இவர்கள் குடும்பத்துக்கு எட்டில் ஒரு பங்கு. பங்காளிகள் சிலர் வீட்டை ஓட்டல் நடத்துபவர் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். தேக்குத் தூண்களும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்விடும் என்று ஆச்சிக்குத் தூக்கம் இல்லை.

அதனால் ஓர் உயிலை அவரே எழுதி, நகலையும் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார். பெரிய வீட்டை யாரும் எக்காலத்திலும் விற்கக் கூடாது. காரைக்குடியில் தம் பெயரில் உள்ள சிறிய வீடு மகனுக்கு. ஆனால் அவர் ஆண்டுதோறும் ஊருக்கு வந்து திதி கொடுத்து, படைப்பிலும் (முன்னோரைக் கும்பிடும் குடும்ப வழிபாடு) கலந்துகொள்ள வேண்டும், தவறினால் வீடு கோயிலுக்கு. மகள்கள் வேறு வீட்டுப் புள்ளியில் (கோயில் வரிக்கான குடும்பக் கணக்கில்) சேர்ந்துவிட்டதால் அவர்களுக்கு 38 பவுன் நகை மட்டும். வங்கியிலுள்ள 40 லட்சம் ரூபாய் முழுவதும் ஊர்ப் பள்ளிக்கு ஒரு கட்டடமாக. முகப்பில் கணவர் பெயரும் தம் பெயரும் கல்லில் பொறிக்கப்பட வேண்டும். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதுகிறார்: "எட்டாவது வரை படித்தேன். ஐம்பது வருஷம் அடுப்படியில் நின்றேன். பேரனுக்குக்கூட ஐயா பெயரை வைக்கவில்லை. கல்லில் பெயர் இல்லாவிட்டால் நான் இருந்ததற்கு என்ன சாட்சி?"

ஆச்சிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சொத்து யாருக்கு என்பது ஒன்று. உங்களை யார் நினைப்பார்கள் என்பது மற்றது. முதலாவதற்குச் சட்டம் பதில் சொல்லும். இரண்டாவது கேள்வி சட்டத்தின் காதிலேயே விழாது. உங்கள் உயிலோ, சொத்தைக் காட்டி நினைவை எழுதி வாங்கப் பார்க்கிறது. இந்த வகை உயில்கள்தான் நீதிமன்றத்துக்கு வந்தால் லேசில் வெளியே போவதில்லை. எங்கள் வக்கீல் தொழிலுக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை, உங்கள் பிள்ளைகளுக்குத்தான்.

பெரிய வீட்டில் உங்கள் பங்கு எவ்வளவு?

"அவர் பங்கு முழுவதும் எனக்கு வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். வரவில்லை, ஆச்சி. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

வீடு பூர்வீகச் சொத்தாகவே இறங்கி வந்திருந்தால், அதில் உங்கள் மகனுக்கு மட்டுமின்றி மகள்களுக்கும் பிறப்பாலேயே உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 25-3-1989 முதலே, அந்தத் தேதிக்கு முன் திருமணம் ஆகாத மகள்களுக்கு இந்த உரிமை கிடைத்தது. பிறகு 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்கும், திருமணமான மகள்களுக்கும் சேர்த்துச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும் 2020 ஆகஸ்ட் மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது, வேண்டியதில்லை. கோயில் வரிக்குப் புள்ளி எண்ணுவது உங்கள் நகரத்தார் வழக்கம். கல்யாணமான மகள் மாப்பிள்ளை வீட்டுப் புள்ளியில் சேர்வது அந்தக் கணக்கில் சரி. வாரிசுரிமைக்கு அந்தக் கணக்கு செல்லாது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். எட்டில் ஒரு பங்கை உங்கள் கணவர், மகன், இரண்டு மகள்கள் என்று நாலாகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் 32இல் ஒன்று. தென்னிந்தியாவில் பின்பற்றப்படும் இந்து சட்ட மரபில் இந்தப் பிரிவினையில் மனைவிக்குத் தனிப் பங்கு கிடையாது. கணவரின் 32இல் ஒன்றுதான், அவர் காலமான பிறகு, உங்களுக்கும் மூன்று பிள்ளைகளுக்குமாக நாலாகிறது. ஆக உங்கள் கைக்கு வருவது பெரிய வீட்டில் 128இல் ஒரு பங்கு. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 128இல் ஐந்து. அப்படியின்றி, அந்த எட்டில் ஒரு பங்கு உங்கள் கணவருடைய தனிச் சொத்தாக வந்திருந்தால் உங்களுக்கு 32இல் ஒன்று. எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் நீங்கள் உயில் எழுதக்கூடியது அவ்வளவுக்குத்தான். வளவில் எந்தத் தூண் அந்த 128இல் ஒன்று என்று காட்டவும் முடியாது.

அந்தச் சிறு பங்கைக்கூட "விற்கவே கூடாது" என்று கட்டிப்போட முடியாது. ஒருவருக்கு ஒரு சொத்தை முழு உரிமையாகக் கொடுத்துவிட்டு, அதை எக்காலத்திலும் விற்கக் கூடாது என்று சேர்த்து எழுதும் நிபந்தனையைச் சட்டம் ஏற்பதில்லை. இன்னொன்றையும் நம்பியிருக்கிறீர்கள்: யுனெஸ்கோவில் சேர்ந்த ஊர், அதனால் விற்க முடியாது என்று. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில்தான் இருக்கின்றன. அது பெருமைக்குரியது, ஆனால் உங்கள் பங்காளி கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதை அது தடுக்காது.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கூட்டாக வந்த சொத்தை உங்கள் பிள்ளைகளில் ஒருவர் விற்க முற்பட்டால், மற்ற வாரிசுகள் தாங்களே வாங்கிக்கொள்ள இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு முன்னுரிமை தருகிறது. பங்காளி ஒருவர் தம் பங்கை வெளியாளுக்கு விற்று, அந்த ஆள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலையைக் கொடுத்து அந்தப் பங்கைக் குடும்பத்தாரே எடுத்துக்கொள்ள 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தில் வழி இருக்கிறது. பாகம் ஆகாத வீட்டிலிருந்து தூணையோ கதவையோ யாராவது கழற்றத் துணிந்தால் உடனே தடையுத்தரவு கேட்கலாம். எல்லாவற்றையும்விடப் பயனுள்ள யோசனை ஒன்று உண்டு. ஓட்டல்காரர் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. நீண்ட காலக் குத்தகைக்கும் எடுக்கலாம். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை அவர் பழுது பார்க்கட்டும், படைப்பு வீட்டையும் சாமி அறையையும் குடும்பத்துக்கு விட்டுவைக்கட்டும். பதிவு செய்த குத்தகைப் பத்திரத்தில் இதையெல்லாம் எழுதிக்கொள்ளலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விருந்தாளி நடப்பது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். பூட்டிய வீட்டில் மழைத் தண்ணீர் இறங்கி உத்தரம் இற்றுப்போவதைவிட அது தேவலை என்பது என் கருத்து.

மகனுக்குப் போட்ட நிபந்தனை

காரைக்குடி வீடு 1991இல் உங்கள் பெயரில் கிரயமானது. அது முழுக்க உங்களுடையது. நகையும் வங்கிப் பணமும் அப்படியே. இவற்றை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்துவிடுவது நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலால் பயன் பெறாதவர்களாகப் பாருங்கள். வங்கியில் மகனை நாமினியாகப் போட்டிருப்பதால் பணம் அவருக்கே சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான். உரிமை உயில்படியோ வாரிசுரிமைப்படியோதான் போகும்.

திதிக்கு வராவிட்டால் வீடு கோயிலுக்கு என்ற வரியைப் பற்றி. அது செல்லுமா என்பதில் இரண்டு பக்கமும் வாதாட இடம் உண்டு. செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். எந்த வருஷம் வந்தார், எந்த வருஷம் விமான டிக்கெட் கிடைக்கவில்லை, வந்தவர் படைப்புக்கு இருந்தாரா, முதல் நாளே கிளம்பினாரா என்று யார் கணக்கு வைப்பது? ஒன்று கோயில் நிர்வாகம், இல்லையென்றால் அவருடைய உடன்பிறந்தவர்கள். அம்மா திதிக்கு அண்ணன் வரவில்லை என்று தங்கை சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லும் நாளைத்தான் நீங்கள் எழுதிவைத்திருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்திலேயே வேறொரு பெண் வருகிறாள். எதிர் வீட்டில் வேலை செய்தவரின் மகள். முகப்புத் திண்ணையில் உட்காரவைத்து அவளுக்குப் பேரேடு எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். இப்போது கூட்டுறவுச் சங்கத்தில் வேலையில் இருக்கிறாள், தீபாவளிக்குத் தவறாமல் வருகிறாள், "வந்தால் எனக்குத்தான் பலகாரம் சுடும் வேலை" என்று அலுத்துக்கொள்கிறீர்கள். அவளுக்கு நீங்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. அவளிடம் எந்த நிபந்தனையும் போடவில்லை.

பேரன் பெயரைப் பற்றிச் சட்டம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் கூப்பிட ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்பது உங்கள் பக்கத்தில் புதிதல்லவே. அடுத்த முறை பையன் வரும்போது ஐயா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், திரும்பிப் பார்க்கிறானா என்று. உயிலில் அதைக் கொண்டுவராதீர்கள்.

காரைக்குடி வீட்டை இப்போதே மகன் பெயருக்குச் செட்டில்மென்ட் செய்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உயிலை மாற்றலாம், செட்டில்மென்ட் பத்திரத்தை நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவனிக்கத் தவறிய பிள்ளைக்குக் கொடுத்ததைக் கோட்டாட்சியரிடம் மனுச் செய்து ரத்து செய்யலாம். அதற்கும், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால்தான் வழக்கு வலுவாக நிற்கும்.

பள்ளியும் கல்லும்

நாற்பது லட்சத்தையும் கட்டடத்தில் போடக் கூடாது என்று திட்டமாகவே சொல்கிறேன். உங்களுக்கு 72 வயது. உங்கள் மாமியார் 94 வரை இருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு, கூட இருக்க ஆள், விலைவாசி எல்லாவற்றுக்கும் இருபது வருஷத்துக்கு ஒதுக்கிவையுங்கள். மிஞ்சுவதில் கொடுங்கள். அதையும் உயிலில் எழுதாமல் கையோடு கொடுங்கள்.

இதற்கு உங்கள் ஊருக்கு அருகிலேயே முன்மாதிரி இருக்கிறது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். பெண்கள் கல்லூரிக்குத் தாம் குடியிருந்த வீட்டையே விட்டுக்கொடுத்தார். 1957இல் 48 வயதுகூட நிறையாமல் காலமானார். அதற்குள் தாம் தொடங்கிய கல்லூரிகளில் பிள்ளைகள் படித்து வெளியேறுவதைப் பார்த்துவிட்டார். இறந்த பிறகு கொடுக்கும்படி எழுதிவைத்திருந்தால் அதைப் பார்த்திருக்க முடியாது. அவருக்கும் நமக்கும் வசதியில் வெகுதூரம், அது தெரிந்ததே. உயிரோடு இருக்கும்போது கொடுப்பதற்கு அந்த வசதி தேவையில்லை.

அரசுப் பள்ளிக்குக் கொடுப்பதென்றால் 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாக, ஒரு குறிப்பிட்ட பள்ளிக்கு, ஒரு குறிப்பிட்ட தேவைக்கு என்று கொடுக்கலாம். கட்டடம் அரசுக்குச் சேர்ந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். பழுதான கட்டடத்தை ஒருநாள் இடிக்கும்போது கல்வெட்டும் ஜல்லியோடு லாரியில் போகும். அதைக் கேட்க உங்கள் வாரிசுக்குப் பெரும்பாலும் எந்த உரிமையும் இராது. கோயில் கட்டளைக்கும் இதே போன்ற சிக்கல் உண்டு. உங்கள் மாமனார் காலத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி ஏற்படுத்திய கட்டளையின் வட்டி இன்று ஒரு மாலைக்குக் காணுமா என்று அர்ச்சகரிடம் கேட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு இரண்டு பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுங்கள். ரசீதை அந்தப் பெண்ணே கொண்டுவந்து தரட்டும். முன்னமே ஒருத்திக்குச் செய்து பழக்கப்பட்ட காரியம்தானே.

அந்தக் கணக்கு நோட்டுகள்

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் உயிலில் இல்லை. மாதிரிக்காக வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு எழுதத் தெரியும் என்று காட்டுவதற்காம். 1987ஆம் வருஷத்துக் கார்த்திகை. பச்சரிசி, உளுந்து, வெல்லம் என்று வரிசையாக விலை. கந்தரப்பத்துக்கு அரிசியும் பருப்பும் எத்தனை உழக்கு என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. அதற்குக் கீழே, 'மீனாள் பேறுகாலச் செலவு ரூ. 150, கேட்க வேண்டாம்.' பக்கத்தின் அடியில் இன்னொன்று, 'பள்ளிக்கூடத்து சார் மகன் பரீட்சைக் கட்டணம் ரூ. 60, கேட்க வேண்டாம்.' கொடுத்த கடன் எல்லாவற்றுக்கும் எதிரே திரும்பி வந்த தேதி இருக்கிறது, இந்த இரண்டைத் தவிர. இப்படி எத்தனை நோட்டு இருக்கிறது என்று நீங்கள் எண்ணவில்லை. பரணில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய, பழைய பேப்பருக்குப் போடலாமா என்று சின்ன மகள் கேட்கிறாள் என்று ஒரு வரியோடு தாண்டிப் போய்விட்டீர்கள்.

போடாதீர்கள். ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் அதே கோட்டையூரில் இருந்தார். புத்தகங்களோடு நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என்று மற்றவர்கள் தூக்கிப்போடும் காகிதங்களையும் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கி, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் ஏற்படக் காரணமாயிற்று. உங்கள் நோட்டுக்கும் அப்படி நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஐம்பது வருஷம் ஒரு செட்டிநாட்டு வீட்டில் என்ன வாங்கினார்கள், யாருக்குச் சமைத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஒரே கையெழுத்தில் கிடைப்பது அரிது என்று மட்டும் சொல்கிறேன். சட்டமும் இங்கே ஆச்சரியமாக உங்கள் பக்கம் இருக்கிறது. நீங்களாக எழுதிய குறிப்புகளுக்குப் பதிப்புரிமை உங்களுடையது. அது உங்கள் ஆயுள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் செல்லும். எட்டாவது படித்தாரா, பட்டம் வாங்கினாரா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. நோட்டுகள் யாருக்கு என்று உயிலில் ஒரு வரி எழுதுங்கள்; சின்ன மகளுக்கே எழுதினாலும் சரி, எடைக்குப் போடக் கேட்டவர் காக்கத் தொடங்கிவிடுவார்.

சாட்சி என்ன என்று கேட்டீர்கள். படைப்பு அன்று பேழையில் புதுப் புடவை வைத்துக் கும்பிடும் 'பெரிய ஆயா'வைப் பற்றி ஒரு பாராவில் எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது. தாது வருஷப் பஞ்சத்தில் இந்த வாசலில் கஞ்சி ஊற்றியவர் என்று மாமியார் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். 1876இல் தொடங்கிய பஞ்சம் அது. இந்த வீட்டுப் பத்திரங்களில் எத்தனையோ ஐயாக்களின் பெயர்கள் விலாசத்தோடு இருக்கும். அவர்களில் யார் எப்படிப்பட்டவர் என்று உங்களால் சொல்ல முடியவில்லை. பெயரே தெரியாத அந்த ஆயாவுக்குப் புடவை எடுக்க மட்டும் ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் கடைக்குப் போகிறீர்கள். உங்களுக்கும் அப்படி ஒருவர் கடைக்குப் போவார் என்று உத்தரவாதம் தர எனக்கு அதிகாரம் இல்லை. கல்வெட்டு ஒன்றுதான் சாட்சி என்ற எண்ணத்தை உங்கள் வீட்டு வழக்கமே ஒப்புக்கொள்ளவில்லை என்பதைத்தான் காட்டுகிறேன்.

படைப்புக்கு மகள்களையும் கூப்பிடுங்கள். பங்காளிகள் வழக்கம் பேசினால் பேசட்டும். வீட்டில் 128இல் ஐந்து பங்கு உடையவர்களை வாசலில் நிறுத்த யாராலும் முடியாது.

உயிலைத் திருத்துவதற்கு முன் நான்கு காகிதங்கள் வேண்டும்: தாலுகா அலுவலகத்தில் கணவருடைய வாரிசுச் சான்று, பெரிய வீட்டுக்கு வில்லங்கச் சான்று, 1991ஆம் வருஷக் கிரயப் பத்திரம், குடும்பத்தில் எப்போதாவது பாகப்பிரிவினை நடந்திருந்தால் அதன் நகல். கடைசியில் சொன்னதை முதலில் தேடுங்கள். 20-12-2004க்கு முன் பதிவு செய்த பாகப்பிரிவினை ஒன்று கிடைத்துவிட்டால், 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் தொடாது; மேலே போட்ட 128 கணக்கை அடித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.